விடுமுறையும் வாலிபரும் – தொன் போஸ்கோ காட்டிய வழி

ஒவ்வோர் ஆண்டும் முழு ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் நம் கோயில் வளாகம் பிள்ளைகளின் ஆரவாரத்தால் நிறைந்துவிடுகிறது. காலையில் திருப்பலி, பின்பு மறைக்கல்வி, பாட்டு, நாடகப் பயிற்சி, மாலையில் விளையாட்டு எனக் கோடை முகாம் நடைபெறுகிறது. 'வெயிலில் சுற்றாமல் பிள்ளைகள் ஓரிடத்தில் இருந்தால் போதும்' என எண்ணுவோர் உளர். 'கோயிலில் இத்தனை இரைச்சல் எதற்கு?' எனக் கேட்போரும் உளர். நம் பங்கின் ஜூபிலி மலர் வெளிவரும் இவ்வேளையில், இப்பணியின் நோக்கம் யாதெனப் புனித தொன் போஸ்கோவின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்வது நலம்.

இடமற்ற கூட்டம்

வட இத்தாலியில் ஏழை உழவர் குடும்பத்தில் 1815ஆம் ஆண்டு பிறந்த தொன் போஸ்கோ, 1841 ஜூன் 5ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். புனித யோசேப்பு கஃபாசோவுடன் சிறைச்சாலைகளுக்குச் சென்ற அவர், அங்கே மீசை அரும்பாத சிறுவர்களையும் கண்டார். விடுதலை பெற்ற சிறுவர் பலர் மீண்டும் சிறைக்கே திரும்பியது அவர் உள்ளத்தை வாட்டியது. வெளியே அவர்களுக்கென ஒரு நண்பன் இருந்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது என உணர்ந்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், கோயிலில் பூசைக்கு ஆயத்தம் செய்யும் அறையில், பார்த்தலோமேயு கரெல்லி என்னும் அநாதைக் கொத்தனார் பையனுக்கு அவர் ஞானோபதேசம் கற்பிக்கத் தொடங்கினார். வேலை தேடி நகருக்கு வந்த கொத்துவேலைச் சிறுவரும் கல்லுடைப்போரும் ஞாயிறுதோறும் அவரிடம் கூடினர். திருப்பலி, மறைக்கல்வி, விளையாட்டு மூன்றும் ஒன்றாக இணைந்த இக்கூட்டமே 'ஆரட்டரி' எனப்பட்டது.

ஆனால் அவர்களுக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. மாவு ஆலையின் அருகே கூடினால், இரைச்சல் தாங்கவில்லை என ஆலைக்காரர் முறையிட்டனர். புல்வெளியை வாடகைக்கு எடுத்தால், புல்லின் வேரே அழிகிறதென நிலத்துக்காரர் வெளியேறச் சொன்னார். இறுதியில் 1846 ஏப்ரல் 12ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, வால்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு தாழ்ந்த கொட்டகை அவர்களுக்குக் கிடைத்தது. உலகெங்கும் பரவிய சலேசியப் பணி இக்கொட்டகையில்தான் நிலைபெற்றது.

1854ஆம் ஆண்டின் கோடை

அவ்வாண்டுக் கோடையில் தூரின் நகரைக் காலரா தாக்கியது. வால்தோக்கோவை அடுத்த ஏழைகளின் குடியிருப்புகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. உறவினரே நோயாளிகளை விட்டு ஓடிய நாட்களவை. தொன் போஸ்கோ தம் பிள்ளைகளைக் கூட்டி, நோயாளிகளுக்குப் பணிபுரிய யார் முன்வருவீர் எனக் கேட்டார். 44 பேர் முன்வந்தனர். அவர்கள் வீடு வீடாகவும் மருத்துவமனைகளுக்கும் சென்று தொண்டு செய்தனர். துணி வேண்டுமென அவர்கள் கேட்டபோதெல்லாம், தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத் அம்மாள் வீட்டிலிருந்த விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார். பீடத் துணியையும் கொடுத்துவிட்டார். அப்பிள்ளைகளில் ஒருவரையும் காலரா கொள்ளை கொள்ளவில்லை.

நேற்றுவரை தெருவில் கூச்சலிட்டவர் எனப் பழிக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள்! நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்தபோது, பெரியவர்கள் அஞ்சிய இடத்தில் அவர்கள் துணிந்து நின்றனர்.

நடந்தே கழித்த விடுமுறை

அந்நாட்டில் பள்ளி விடுமுறை திராட்சை அறுவடைக் காலமான அக்டோபர் வரை நீளும். விடுமுறையே அலகையின் அறுவடைக் காலம் எனத் தொன் போஸ்கோ கருதினார். ஆயினும் எச்சரிக்கை கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை; பிள்ளைகளைத் தம்முடனேயே அழைத்துச் சென்றார். செபமாலை அன்னையின் திருநாளுக்காகத் தம் சொந்த ஊராகிய பெக்கிக்குச் சென்றுவந்த சிறு பயணங்கள், 1859 முதல் 1864 வரை மோன்ஃபெராத்தோ குன்றுகளின் வழியே பல நாள் நடைப்பயணங்களாக வளர்ந்தன. நன்னடத்தையுள்ள பிள்ளைகளுக்கு இப்பயணம் பரிசாக அமைந்தது.

வாத்தியக் குழு முழங்க அவர்கள் ஒவ்வோர் ஊரிலும் நுழைவர். ஊர் மக்கள் உணவளிப்பர், வைக்கோலே படுக்கை. காலையில் பிள்ளைகளின் பாடலுடன் திருப்பலி நடைபெறும். இரவில் அவர்களே நாடகம் நடிப்பர். வேடிக்கை பார்க்கவென அழைத்துச் செல்லப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது.

இதன் பலன் என்ன? 1861இல் லூ என்னும் ஊருக்கு இக்குழு சென்றபோது, ஐந்து வயதுச் சிறுவனாக இருந்த பிலிப்பு ரினால்தி தொன் போஸ்கோவைக் கண்டார். பின்னாளில் அவரே தொன் போஸ்கோவின் மூன்றாம் வாரிசாகச் சபையை வழிநடத்தினார். 1990இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 1864இல் மோர்னேசே என்னும் ஊரில் தங்கியபோது, அங்கே ஏழைச் சிறுமியருக்குத் தையலும் மறைக்கல்வியும் கற்பித்துவந்த மரிய மசரெல்லோவைத் தொன் போஸ்கோ சந்தித்தார். அச்சந்திப்பின் கனியாக 1872இல் சலேசியச் சகோதரிகளின் சபை உதயமாயிற்று. 1906 ஜனவரியில் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்ததால், இவ்வருளோடை நம் தமிழ் மண்ணிலும் பாயலாயிற்று.

நமக்குரிய பாடம்

ஆகவே, கோடை முகாம் என்பது பிள்ளைகளை அடைத்துவைக்கும் பட்டி அன்று. பெரியவர் அவர்களோடு இருப்பதும், அவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதுமே அதன் உயிர். முதியோரைச் சந்திக்கவும், சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், திருவழிபாட்டில் பாடவும் நம் வாலிபருக்கு இடமளிப்போம். தொன் போஸ்கோவிடம் முதலில் வந்தவர்கள் வேலைக்குச் சென்ற சிறுவரே என்பதையும் மறவாதிருப்போம். பட்டறையிலும் கடையிலும் உழைக்கும் நம் வாலிபரும் கலந்துகொள்ளும்படி, முகாமின் ஒரு பகுதி மாலை வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடைபெறட்டும். ஜூபிலி ஆண்டின் நினைவாக நாம் எழுப்பும் கட்டடத்தினும் மேலான நினைவுச்சின்னம் இதுவே ஆகும்.

முகாமின் இரைச்சலைக் கேட்கும்போது நாம் முகம் சுளியாதிருப்போம். நாளைய குருக்களும் கன்னியரும் நற்பெற்றோரும் அதில் இருக்கக்கூடும். சகாய அன்னையும் புனித தொன் போஸ்கோவும் நம் வாலிபருக்காகப் பரிந்து பேசுவார்களாக!