கஞ்சா புகையும் நுரையீரலின் காவல் செல்களும்

"சிகரெட்டில்தான் நிகோடின் இருக்கிறது. கஞ்சா வெறும் இலைதானே, நுரையீரலுக்கு என்ன வந்துவிடப் போகிறது?" இளைஞர்கள் சிலர் இப்படிப் பேசுவதை நாம் கேட்டிருப்போம். போதைப் பொருள் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே. எனவே மருத்துவம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் கிருமிகளும் உள்ளே போகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, சளியில் ஒட்டிய அழுக்கைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இதையும் தாண்டிக் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும் கிருமிகளை மேக்ரோஃபேஜ் எனப்படும் செல்கள் விழுங்கிக் கொல்கின்றன.

கஞ்சா புகை இந்த இரண்டு காவலையும் கெடுக்கிறது. தொடர்ந்து புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில் நுண்மயிர் உள்ள செல்கள் குறைந்து, சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. சளி அதிகம், அதை வெளியேற்றும் வழி குறைவு. விடாத இருமல் இதனால்தான்.

இரண்டாவது பாதிப்பு வெளியே தெரியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுரையீரலுக்குள் உப்பு நீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சி, அதில் வரும் மேக்ரோஃபேஜ்களைப் பரிசோதித்தனர். 1997இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. கஞ்சா புகைப்பவர்களின் செல்கள் ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைச் சரிவர விழுங்கவில்லை. கொல்லும் திறனும் வெகுவாகக் குறைந்திருந்தது. கிருமியைக் கொல்லும் ஆயுதங்களுள் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடை அவற்றால் பயன்படுத்த இயலவில்லை. சிகரெட் புகைப்பவர்களின் செல்களுக்கு அந்தத் திறன் இருந்தது! மற்ற செல்களுக்கு அபாயச் செய்தி அனுப்பும் சைட்டோகைன்களும் கஞ்சா புகைப்பவர்களிடம் குறைவாகவே சுரந்தன. இத்தனைக்கும் புகைப்பவர்களின் நுரையீரலில் மேக்ரோஃபேஜ்களின் எண்ணிக்கை வழக்கத்தை விட அதிகம். ஆள் இருக்கிறது, ஆயுதம் இல்லை.

காரணம் புகை மட்டுமல்ல. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நோய் எதிர்ப்புச் செல்களிலும் உள்ளன. அவற்றின் வழியே அது அச்செல்களை மந்தப்படுத்துகிறது. புகையை எப்படி வடிகட்டினாலும் டி.எச்.சி. உள்ளே போகத்தான் செய்யும். அதற்காகத்தானே புகைக்கிறார்கள்?

கஞ்சா புகைக்கும் எல்லோருக்கும் நிமோனியா வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் போன்றோருக்கு ஆபத்து மிக அதிகம். காய்ந்த கஞ்சா இலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்வதுண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற ஒருவர் கஞ்சா வழியே வந்த இந்தப் பூஞ்சைத் தொற்றால் இறந்ததை 1988இல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கூட்டாகப் புகைப்பது இன்னொரு வாசல். 2004இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், மூடிய காருக்குள் சேர்ந்து கஞ்சா புகைத்த இளைஞர்களிடையே காசநோய் பரவியது. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

பழக்கத்தை விட்டவர்களுக்கு இருமலும் சளியும் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அப்போது கஞ்சா பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பிள்ளை வாய் திறக்கத் தயங்கினால், பெற்றோர் சிறிது நேரம் அறைக்கு வெளியே காத்திருப்பது நல்லது.