கோலோக் ஆற்றுப் பாலம்

மலேசியத் தமிழர்க்குச் 'சுங்கை' என்னும் சொல் புதிதன்று. சுங்கை பூலோ, சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி என ஊர்ப்பெயர்கள் பல அச்சொல்லால் தொடங்குகின்றன. ஓசையால் ஒத்திருப்பினும், நம் 'சுங்க'த்திற்கும் இதற்கும் உறவில்லை. ஆற்றைக் குறிக்கும் மலாய்ச் சொல் இது. சுங்கை பூலோ என்றால் மூங்கிலாறு. இவ்வகைப் பெயருடைய நகரொன்று மலேசிய எல்லைக்கு அப்பாலும் உண்டு. அது தாய்லாந்தின் நராத்திவாட் மாகாணத்திலுள்ள சுங்கை கோலோக். அயல்நாட்டு நகருக்கு மலாய்ப் பெயர் அமைந்தது எங்ஙனம்? அதன் விடை, நகரை ஒட்டி ஓடும் ஆற்றின் வரலாற்றில் உள்ளது.

1909 மார்ச் 10ஆம் நாள் பிரிட்டனும் சயாமும் பாங்காக்கில் உடன்படிக்கை செய்துகொண்டன. கிளந்தான், திரங்கானு, கெடா, பெர்லிஸ் ஆகியவற்றின் மீதிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக் கொடுத்தது. பத்தானிப் பகுதி சயாமிடமே நின்றது. கீழைக் கடற்கரைப் பக்கத்தில் கோலோக் ஆற்றின் ஆழமான நீரோட்டமே எல்லையாக வகுக்கப்பட்டது. அந்நாளில் இருகரையிலும் வாழ்ந்தோர் பேசியது ஒரே மலாய் வழக்கு, சமயமும் ஒன்றே. கொள்வினை கொடுப்பினையும் சந்தை வாணிகமும் ஆற்றைக் கடந்தே நிகழ்ந்தன. குடும்ப வழியாய் இருந்த படகுத்துறை, ஒரு கையொப்பத்தால் நாட்டெல்லையாயிற்று.

1921இல் சயாமின் இருப்புப்பாதை சுங்கை கோலோக்கை எட்டியது. மலாயாவின் இருப்புப்பாதையும் ஆற்றின் குறுக்கே அதனோடு இணைந்தது. சாலைப் பாலமோ 1973இல்தான் திறக்கப்பட்டது. அது கிளந்தானின் ரந்தாவ் பாஞ்சாங்கையும் சுங்கை கோலோக்கையும் இணைக்கிறது. ரந்தாவ் பாஞ்சாங் என்பதற்கு நீண்ட ஆற்றங்கரைப் பகுதி என்பது பொருள். இருகரை ஊர்களும் ஆற்றாலேயே பெயர் பெற்றமை நோக்கத்தக்கது. பின்னர், மேலாற்றில் புக்கிட் பூங்காவையும் பான் புக்கேத்தாவையும் இணைக்கும் பாலம் 2007 டிசம்பர் 21இல் திறக்கப்பட்டது.

பாலம் வந்த பின்னரும் படகுகள் ஓயவில்லை. உறவினரும் சிறுவணிகரும் பழைய துறைகளையே நாடினர். கடத்தற்காரரும் அவற்றையே பயன்படுத்தினர். எனவே 2024 டிசம்பர் 1 முதல், உரிய கடவு வழியன்றி ஆற்றைக் கடப்போர் மீது கிளந்தான் காவல்துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது.

பாலம் இரு நாடுகளை இணைக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. கோலோக் கரையில் அது பாதி உண்மையே. அங்கு மக்கள் பாலத்திற்கு முன்னரே இணைந்திருந்தனர். கரை முழுதும் அவர்கட்குத் துறையாக இருந்தது. எல்லை அத்துறைகளை அடைத்தபோது, சட்டம் திறந்துவைத்த வாயில்தான் பாலம். தென்கரை மலாயர்க்கு வடகரை என்றும் அயலூராக இருந்ததில்லை என்பதற்குச் சுங்கை கோலோக் என்னும் பெயரே சான்று.