ஒழுகும் பம்பும் துறைமுக ஊரும்

பிக்கப் எஞ்சினின் வோட்டர் பம்பில், தண்டுக்கு அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்ததும், தண்ணீர் பெயாரிங்குக்குள் நுழையாமல் அந்த வழியே வெளியே சொட்டும். துளையைப் பசை போட்டு அடைப்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு இல்லை: பெயாரிங் இறுகி, பெல்ட் அறுந்து, எஞ்சின் கொதித்தால் ஹெட்டே வளைந்துவிடும்.

தொடக்கத்தில் பம்பே இல்லாத வண்டிகளும் ஓடின. ஃபோர்டின் மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றில், சூடான நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டருக்குப் போனது. பம்ப் வந்த பிறகும் அதில் இன்றைய சீல் இல்லை. கிராஃபைட் தடவிய கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து, மேலே ஒரு நட்டால் இறுக்கினார்கள். ஒழுகினால் நட்டைச் சற்றுத் திருப்பினால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் புதுக் கயிறு. கப்பலின் சுழலித் தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக் கடலுக்குள் போகும் இடத்திலும் கடல்நீரைத் தடுத்தது இதே ஏற்பாடுதான். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த திருகோணமலைக்கு, ஒழுகும் தண்டை அடக்கும் இந்த வேலை புதிதல்ல.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் இலங்கை முழுவதும் உதிரிப்பாகத்துக்குத் தவித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, ஜப்பானியப் பிக்கப்புகள் பெருகின. அவற்றின் பம்பில் இறுக்க நட்டு இல்லை. பெயாரிங்கும் தண்டும் ஒரே துண்டு. சீல் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஒழுகினால் முழுப் பம்பையும் மாற்று என்பதே விதியாயிற்று.

கடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அது எளிது. 1990இல் போரின் நடுவே வடக்கின்மீது பொருளாதாரத் தடை இறங்கியபோது, யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். திருகோணமலை மாவட்டத்திலும் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே சம்பூர்ப் பக்கம் 2006 வரை விடுதலைப் புலிகளின் பிடியில் இருந்தது. நடுவே சோதனைச் சாவடிகள். கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வந்து பாகம் வாங்க வேண்டுமானால் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீட்டர் நீளப் பாலம் திறந்தது 2009இல்தான். இப்படிப்பட்ட இடத்தில் வண்டியை வீட்டு முற்றத்திலேயே திருத்தத் தெரிந்திருப்பது பெரும் பலம்.

முற்றத்து வேலையில் அவசரம் ஆகாது. எஞ்சின் ஆறியபின் தண்ணீரை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். நீளம் வேறுபடுவதால் எது எந்தத் துளைக்குரியது என்று குறித்துவைப்பது நல்லது. பொருந்தும் முகத்தில் பழைய கஸ்கட் துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் புதுப் பம்பும் ஒழுகும். கடலோரக் கிணற்றின் உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் பம்பின் இறக்கை அரிபடும், கூலண்டே சரி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது உதிரிப்பாக விலையும் எகிறியது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. இத்தனைக்குப் பிறகும் கழற்றிய பம்பைக் குப்பையில் போடுவது வீண். வார்ப்பிரும்பு உடல் நன்றாக இருந்தால், பிரஸ் வைத்திருக்கும் கடைசல் பட்டறையில் பெயாரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றி, அதே பம்பைத் திரும்பப் பூட்டலாம்.