பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் வண்டி ஓட்டலாமா? மலையகச் சாரதிகள் அறிய வேண்டியவை

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முச்சக்கர வண்டி வெறும் வாடகை வாகனமல்ல. பிரசவ வலி வந்த பெண்ணையும் குளவி கொட்டியவரையும் லயத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு போவது பெரும்பாலும் அதுதான். பஸ் போகாத டிவிசன்களில் பிள்ளைகளின் பாடசாலை வாகனமும் அதுவே. அதனால், அந்த வண்டியின் சாரதிக்கே பக்கவாதம் வந்தால், பாதிப்பு அவரது குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை.

இங்குள்ள குடும்பங்களோடு பேசியபோது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கை கால் இப்ப நல்லா வருது தங்கச்சி, எப்ப இருந்து வண்டிய எடுக்கலாம்?" இதை கிளினிக்கில் கேட்டீர்களா என்றால் பதில் வராது. "ஓட்டக் கூடாது" என்று டொக்டர் சொல்லிவிட்டால் லீசிங் காசை எப்படிக் கட்டுவது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கேட்காமல் இருப்பதன் விலை அதைவிடப் பெரியது.

கை கால் மட்டும் போதாது

பக்கவாதம் என்பது மூளைக்கு வந்த பாதிப்பு. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அது வரும். கை கால் பலவீனம் வெளியே தெரிகிறது. வெளியே தெரியாதவை வேறு நான்கு உண்டு.

முதலாவது பார்வை. கண் நன்றாக இருந்தாலும், பார்க்கும் பரப்பில் ஒரு பாதி மறைந்து போகலாம். இரண்டாவது, ஒரு பக்கத்தை மூளையே கவனிக்காமல் விடுவது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் இது அதிகம்; அவர்களுக்கு இடது பக்கம் 'இல்லாமல்' போகிறது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகப் போகின்றன. கொழுந்துச் சாக்குடன் நடப்பவரும் பாடசாலைப் பிள்ளையும் அந்த இடது ஓரத்தில்தான் இருப்பார்கள். மூன்றாவது, கவனமும் வேகமும். வளைவில் எதிரே லொறி வரும்போது ஹோர்ன் அடித்து, கியர் குறைத்து, ஓரம் கட்டுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான்காவது, சட்டென வரும் களைப்பு. இவற்றோடு, பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வலிப்பும் வருவதுண்டு.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குறைகள் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவர் அப்படித்தான் உணர்கிறார். எனவே வீட்டார் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் ஒரு பாதியை அப்படியே விடுகிறாரா? கதவு நிலையில் ஒரே பக்கத் தோள் இடிபடுகிறதா? பழகிய பாதையில் தடுமாறுகிறாரா? இவற்றில் எது இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முச்சக்கர வண்டியில் கிளட்சும் கியரும் இடது கையில், எக்சிலேட்டர் வலது கையில், பிரேக் வலது காலில். எந்தப் பக்கம் பலவீனமானாலும் ஏதோ ஒன்று தடைப்படும். கார் என்றால் ஒட்டோ கியர் வாகனத்துக்கு மாறலாம். முச்சக்கர வண்டியில் அந்த வழி எளிதல்ல.

எவ்வளவு காலம்?

பிரித்தானியாவில் பக்கவாதம் வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது. பஸ், லொறி சாரதிகளுக்கு ஒரு வருடம். அவுஸ்திரேலியாவில் சொந்த வாகனத்துக்கு 4 வாரம், தொழில்முறைச் சாரதிக்கு 3 மாதம். இவை குறைந்தபட்சக் காலங்கள் மட்டுமே. அது முடிந்தாலும் குறைபாடு மிஞ்சியிருந்தால் ஓட்ட முடியாது. பயணிகளை ஏற்றுபவருக்குக் காலம் கூடுதல் என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சான்றிதழை வழங்குவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். ஆனால் இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் ஒருமுறை எடுத்தால் 8 வருடம் செல்லும். இரண்டாம் வருடத்தில் பக்கவாதம் வந்தால், அடுத்த புதுப்பித்தலுக்கு 6 வருடம் இருக்கிறது. லைசன்ஸ் செல்லுபடியாக இருப்பது வேறு, உடல் தயாராக இருப்பது வேறு.

மறைத்ததால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் உதாரணம். 2014 டிசம்பர் 22 அன்று, குப்பை லொறிச் சாரதி ஒருவர் ஓட்டும்போதே மயங்கியதில் வீதியில் நின்ற 6 பேர் இறந்தனர். அது பக்கவாதமல்ல. ஆனால் 2010 இலேயே பஸ் ஒன்றின் சாரதி ஆசனத்தில் தான் மயங்கியதை அவர் மறைத்திருந்தார் என்று விசாரணை கண்டறிந்தது.

படிப்படியாக

1. கிளினிக்கில் நேரடியாகக் கேளுங்கள்: "நான் ஆள் ஏற்றி வண்டி ஓட்டுகிறேன். எப்போது ஓட்டலாம்?" பதிலை கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. பார்வைப் பரப்பைப் பரிசோதிக்கக் கேளுங்கள். எழுத்துப் பலகை வாசிப்பது மட்டும் போதாது.

3. இயன்மருத்துவத்தை இடையில் நிறுத்தாதீர்கள். மருந்து தூக்கம் தருகிறதா என்று கேளுங்கள்; அதற்காக மருந்தை நீங்களே விடாதீர்கள்.

4. காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

5. வைத்தியர் அனுமதித்த பின், முதலில் நிறுத்திய வண்டியில் கிளட்ச், பிரேக் பழகுங்கள். பிறகு வெறும் மைதானத்தில், அனுபவமுள்ள சாரதி ஒருவருடன். அதன் பிறகே பாதைக்கு: பகலில், பனிமூட்டமும் மழையும் இல்லாத நேரத்தில், ஆள் ஏற்றாமல்.

6. வலிப்பு வந்திருந்தால் இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. பிரித்தானியாவில் வலிப்பு நோயுள்ளவர் கார் ஓட்டவே 12 மாதம் வலிப்பின்றி இருக்க வேண்டும்.

முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

வண்டி ஓடாத மாதங்களில் அதை நம்பிக்கையான இன்னொரு சாரதிக்கு நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். தவணை தவறும் முன்பே லீசிங் நிறுவனத்திடம் எழுத்தில் கால அவகாசம் கேட்கலாம். ஸ்டாண்டில் இருக்கும் மற்றச் சாரதிகளுக்கும் இதில் பங்குண்டு. "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க அண்ணே, ஹயர நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்ல நாலு பேர் இருந்தால், நோயை மறைத்து ஓட வேண்டிய தேவை அவருக்கு வராது.