முப்பது ரூபாய் வேலைக்கு ராமானுஜன் போட்ட அப்ளிகேஷன்



எங்க திருப்போரூர் பக்கம் இஞ்சினியரிங் முடிச்ச பசங்களுக்குப் பஞ்சமே இல்லை. காலவாக்கத்துலயும் படூர்லயும் கல்லூரி, கேளம்பாக்கம் தாண்டினா சிறுசேரி ஐ.டி. பூங்கா. நடுவுல இருக்கறது ஒரு ரெஸ்யூமே. அதுல எல்லாரும் திணர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: "ரெண்டு அரியர் இருந்துது, ஒரு வருஷம் கேப் வேற. இதை எப்படி எழுதறது?"

இதே சிக்கல் கணித மேதை ராமானுஜனுக்கும் இருந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில கணக்கைத் தவிர மத்ததுல கோட்டை விட்டு உதவித்தொகை போச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கயும் எஃப்.ஏ. தேறலை. இன்னைக்குக் கணக்குக்கு அவர் ஒரு டிராப்-அவுட்!

1912 பிப்ரவரி 9-ம் தேதி, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டுல குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பிக்கிறார். சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் பாஸ். எஃப்.ஏ. வரை படிச்சேன். சில சங்கடமான சூழ்நிலையால தொடர முடியலை. அதுக்கப்புறம் முழு நேரமும் கணிதத்துல செலவழிக்கிறேன். இந்த வேலையைச் சரியாச் செய்வேன்னு நம்பிக்கை இருக்கு. அவ்ளோதான்.

கவனிச்சீங்களா? தோல்வியை மறைக்கலை; அதுக்காகப் புலம்பவும் இல்லை. ஒரே வாக்கியத்துல சொல்லிட்டு, அந்த இடைவெளியில என்ன செஞ்சேன்னு உடனே அடுத்த வாக்கியம். கூடவே பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சான்றிதழ். மார்ச் 1-ம் தேதி வேலையில சேர்ந்தாச்சு, மாசம் 30 ரூபாய் சம்பளத்துல.

அடுத்த வருஷம் அதே மனுஷன் இன்னொரு கடிதம் எழுதறார். 1913 ஜனவரி 16, கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு. போர்ட் டிரஸ்ட் குமாஸ்தா, வருஷம் 20 பவுண்ட் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லைன்னு அறிமுகம். பின்னாடியே பக்கம் பக்கமா தேற்றங்கள்! குமாஸ்தா வேலைக்குத் தேற்றம் அனுப்பலை, ஹார்டிக்கு மெட்ரிகுலேஷன் பெருமை பேசலை. படிக்கப் போறவர் யாருன்னு தெரிஞ்சு எழுதினார். நாம என்னடான்னா, ஒரே ஃபைலை ஐம்பது கம்பெனிக்குத் தள்ளி விடறோம். மேலே யார்கிட்டயோ சுட்ட ஆப்ஜெக்டிவ், கீழே ஹாபி, நடுவுல எல்லாரும் செஞ்ச அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் புராஜெக்ட் :-)

ஹார்டி பதில்ல என்ன கேட்டார் தெரியுமா? நிரூபணம். உங்க புராஜெக்ட் வரிக்கும் இன்டர்வியூவுல அதேதான் கேட்பாங்க. நீங்களே எழுதி, ஓடவெச்சு, கிட்ஹப்புல போட்ட சின்ன நிரல் ஒண்ணு இருந்தா, அதுதான் உங்க தேற்றம். விளக்க முடியாத எதையும் பட்டியல்ல ஏத்தாதீங்க.

ஒரு உண்மையையும் சொல்லணும். கடிதம் மட்டுமே அவரைக் கரை சேர்க்கலை. ராமச்சந்திர ராவ் மாதிரி ஆதரிக்க ஆள் இருந்தாங்க. ஹார்டிக்கு முன்னாடி கேம்பிரிட்ஜுல பேக்கர், ஹாப்சன்னு ரெண்டு பேருக்கு எழுதியும் ஒண்ணும் நடக்கலை. வீட்டுல முதல் பட்டதாரியா வர்ற நம்ம பசங்களுக்கு ரெஃபரல் கொடுக்க மாமா, சித்தப்பா யாரும் கம்பெனியில இருக்க மாட்டாங்க. ஆனா உங்க நிரலைப் பார்த்த ஆசிரியர் ஒருத்தராவது கல்லூரியில இருப்பார். கூச்சப்படாம அவர்கிட்ட கேளுங்க.

அரியரை ஒரு வரியில எழுதுங்க. அடுத்த வரிக்குத்தான் உழைக்கணும்.