மதராஸ் செல்வமும் யேலின் இரகசியச் சங்கங்களும்: ஓர் இருள் புனைவின் முன்வரலாறு

லீ பார்டுகோ 2019இல் வெளியிட்ட ‘நைன்த் ஹவுஸ்’ நாவலில், யேல் பல்கலைக்கழகத்தின் இரகசிய மாணவர் சங்கங்கள் மாந்திரீகம் செய்கின்றன. ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ சங்கத்தார், கேட்க நாதியற்ற ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து, குடலைப் பார்த்துப் பங்குச்சந்தையின் போக்கைக் கணிக்கிறார்கள். எளியவர் உடலை விலையாக்கித் தம் செல்வத்தைப் பெருக்குவதே அங்கே மந்திரம். அந்தக் கற்பனையின் வேரை யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரத்தில் மட்டும் தேடினால் போதாது. ஒரு வேர் சென்னையில் இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய எலிஹு யேல் 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராசுக்கு வந்தார். 1680இல் புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் கேத்தரின் ஹின்மர்ஸை மணந்தார். அங்கே நடந்த முதல் திருமணம் அது. 1687 முதல் 1692 வரை ஆளுநர். மதராஸ் மாநகராட்சி 1688இல் அமைந்தது அவர் காலத்தில்தான். பாடநூல்கள் இதைச் சொல்வதுண்டு. அவர் அங்கம் வகித்த ஆலோசனைக் குழு, புறப்படும் ஐரோப்பியக் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 அடிமைகளை அனுப்ப ஆணையிட்டதை அவை அழுத்திச் சொல்வதில்லை. பஞ்சம் வாட்டிய ஆண்டுகள் அவை, பசித்தவர்கள் விலைபோனார்கள். இந்த ஆணையை அக்காலத்து வழக்கம் என்று கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொந்த வணிகத்தில் கம்பெனியின் நலனைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்த யேல், பெருஞ்செல்வத்தோடு 1699இல் இங்கிலாந்து திரும்பினார். 1701இல் கனெக்டிகட்டில் தொடங்கிய சிறு கல்லூரி ஒன்று பணமில்லாமல் தவித்தது. காட்டன் மாதர் என்ற பாதிரியார், கல்லூரிக்கு உங்கள் பெயரைச் சூட்டலாம் என்று ஆசைகாட்டி யேலுக்குக் கடிதம் எழுதினார். 1718இல் யேல் 9 பொதி சரக்கும் 417 நூல்களும் அரசர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். கேலிகோவும் மஸ்லினும் இருந்த அந்தப் பொதிகள் 560 பவுனுக்குமேல் விலைபோயின. கல்லூரி யேல் கல்லூரி ஆயிற்று.

இரகசியச் சங்கங்கள் பின்னர் வந்தவை. 1826இல் ஃப்ரீமேசன் அமைப்பின் இரகசியங்களை வெளியிடவிருந்த வில்லியம் மோர்கன் காணாமற்போனார். அதையடுத்து இரகசிய அமைப்புகளுக்கு எதிராக எழுந்த கொந்தளிப்பில், 1776இல் பிறந்த ‘ஃபை பீட்டா கப்பா’ என்ற மாணவர் சங்கமும் இரகசியத்தைத் துறந்தது. அது விட்ட இடத்தில்தான் 1832இல் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ முளைத்தது. ஆண்டுக்கு 15 பேர். 1856 முதல் சன்னலற்ற கல்லறை போன்றதொரு கட்டடம். பிற்கால அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் மூவர் அதன் உறுப்பினர்கள். ‘ஸ்க்ரோல் அண்ட் கீ’ 1842இலும் ‘உல்ஃப்ஸ் ஹெட்’ 1883இலும் தோன்றின. 1903இல் பிறந்த சங்கத்துக்குப் பெயரே ‘எலிஹு’. பார்டுகோவும் யேலில் படித்தவர், ‘உல்ஃப்ஸ் ஹெட்’ உறுப்பினர். தாம் அறிந்த உலகத்தையே அவர் இருளாக்கினார்.

யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் ஓர் ஓவியம் உண்டு. எலிஹுவும் குடும்பத்தினரும் மேசையைச் சுற்றி இருக்க, அருகில் கழுத்தில் வெள்ளி வளையம் பூட்டிய கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். 2020இல் அதைக் கழற்றி, ஆய்வுக்குப் பின் 2022இல் விளக்கத்தோடு மீண்டும் மாட்டினார்கள். அடிமைமுறையுடன் தனக்கிருந்த தொடர்புக்குப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. இந்த இருளைக் கதையாக்க, ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வளர்த்த மர்மக்கதை மரபு நமக்கு இருக்கிறது. கோட்டையின் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அச்சுத் தொகுதிகளாகவே கிடைக்கின்றன. கப்பலேறியவர்களின் பக்கமிருந்து இந்தக் கதையை எழுத வேண்டியது தமிழில்தான்.