தக்காளி: சிறு பாசன நிலங்களில் உரமும் வரவும்

  தமிழகத்தில் தக்காளி விளையும் பகுதிகளுள் முக்கியமானவை தருமபுரியின் பாலக்கோடு, கிருஷ்ணகிரியின் ராயக்கோட்டை.

வீரிய ஒட்டு ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 200, மணிச்சத்து 250, சாம்பல்சத்து 250 கிலோ. ஏக்கர் கணக்கில் மணிச்சத்துக்கு மட்டும் நாலரை மூட்டை டிஏபி உரம் தேவை. மூட்டை 1,350 ரூபாய் என்றால் சுமார் 6,000 ரூபாய். தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு விழுந்தால் அந்தப் பணத்தை மீட்க 1,200 கிலோ விற்க வேண்டும். 60 ரூபாய் கிடைத்தால் 100 கிலோ போதும். உரத்தின் அளவு மாறுவதில்லை, அதன் சுமைதான் மாறுகிறது.

மானியத்தால் யூரியா 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலிவு என்று கூடுதலாக வீசும் பழக்கம் வருத்தத்துக்குரியது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகக் கொழிக்கும், சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச்சத்துக் குறையால். ஒழுங்கற்ற பாசனமும் மிகையான தழைச்சத்தும் அதைத் தூண்டும்.

சொட்டுநீர்க் குழாய்வழியே உரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது யூரியாவைக் கூடுதலாக வீசுவதற்கு நல்ல மாற்று. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம் உண்டு. ஆனால், நீரில் முழுதும் கரையும் உரங்களின் விலை அதிகம்.

உரச்சுமையை மாற்றும் விலையோ நிலையற்றது. 2023 ஜூலையில் விலை ஏறியபோது சென்னை ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. விலை சரியும் பருவங்களில், பறிகூலிக்கும் கட்டாமல் பழம் செடியிலேயே விடப்படுகிறது.